பிடி மாறினால் வீச்சு மாறும்

காவிரியில் தண்ணீர் குறைந்து மணல் தெரியும் பங்குனி மாதங்களில், கொடுமுடி ஆற்றங்கரையில்தான் அப்புச்சி எனக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்தார். மூன்று வருடம் கம்பு மட்டும். நான்காம் வருடம் வாளைக் கொடுத்து, தார் வெட்டிய வாழை மரம் ஒன்றைக் காட்டினார். கம்பு சுற்றும் வேகத்திலேயே வீசினேன். வாளின் பட்டைப் பக்கம் பட்டு மரம் நசுங்கியது, வெட்டுப்படவில்லை.

"கம்புக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான் கண்ணு. வாளுக்கு வாய் ஒரு பக்கந்தான். காலடி அதேதான், கையை மட்டும் புதுசாப் பழக்கோணும்" என்றார்.

இதே சிக்கல் ஐரோப்பியருக்கும் இருந்தது. 1796-இல் ஆங்கிலேய இலகுரகக் குதிரைப்படைக்கு வளைந்த புது வாள் வந்தது. அதுவரை ஆங்கிலேயர்கள் நன்கு அறிந்திருந்த வாள்முறை ஸ்காட்லாந்துக்காரர்களின் நேர்வாளுக்கு உரியது. அந்த வாளில் கூடை போன்ற பிடி கை முழுவதையும் மூடிக் காக்கும். புது வாளிலோ விரல்களுக்கு முன்னால் ஓர் இரும்பு வளைவுதான். பழைய தடுப்பை அப்படியே போட்டால் விரல் போய்விடும். 1798-இல் ரோவொர்த் என்பவர் ஸ்காட்லாந்து முறையையும் ஆஸ்திரிய முறையையும் இணைத்து ஒரு பயிற்சி நூலே வெளியிட்டார். அவர்களும் முதலில் குச்சியில்தான் பழகினார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

நம் பக்கம் நடந்தது இன்னும் சுவையானது. ஐரோப்பாவிலிருந்து வந்த நீண்ட நேரான அலகுகளுக்கு நம் கொல்லர்கள் நம் பிடியைப் பொருத்தினார்கள். அதற்குப் பரங்கி வாள் என்றே பெயர். மராட்டியர் அதைப் பெரிதும் விரும்பினார்கள். தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போகிறவர்கள் அலகைப் பார்ப்பதற்கு முன் பிடியைப் பாருங்கள். நம் வளைவாளான தல்வாரின் பிடி அடியில் வட்டத் தட்டு இருக்கும். அது மணிக்கட்டை மடங்க விடாது. ஆகவே தோளும் இடுப்பும் சேர்ந்து இழுத்து அறுக்க வேண்டும். ஐரோப்பிய வளைவாளில் அந்தத் தட்டு இல்லை, மணிக்கட்டாலேயே சுழற்றலாம். அலகு ஒன்றாகவே இருந்தாலும் பிடி மாறினால் வித்தை மாறிவிடும்.

நோலன் என்ற ஆங்கிலேயக் குதிரைப்படை அதிகாரி 1853-இல் எழுதிய நூலில் ஒரு செய்தி வருகிறது. நிஜாமின் குதிரைவீரர்கள் வெட்டிய வெட்டைப் பற்றி அறிந்து வியந்து, அவர்களுடைய வாள்களை வாங்கிப் பார்த்தாராம். பெரும்பாலும் ஆங்கிலேயப் படை கழித்துப்போட்ட பழைய அலகுகள்! நம்மவர்கள் பிடியை மாற்றி, கூராகத் தீட்டி, மர உறையில் வைத்திருந்தார்கள். ஆங்கிலேயரின் இரும்பு உறையில் உரசி உரசியே வாய் மழுங்கிவிடும்.

இந்த வேறுபாட்டை எங்கள் பக்கம் இன்று மறந்துவிட்டோம். எங்கள் ஊருக்கு மேற்கே ஓடாநிலையில் கோட்டை கட்டி, கும்பினிப் படையை எதிர்த்து நின்றவர் தீரன் சின்னமலை. 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆடிப்பெருக்கன்று அவர் நினைவாகப் பிள்ளைகள் மேடையில் வாள் சுழற்றுகிறார்கள். கையில் இருப்பது வாய் இல்லாத மெல்லிய தகடு; சுழல்வது கம்பு வீச்சு. பார்க்க அழகுதான், ஆனால் அது வாள்வித்தை ஆகாது.

சிலம்பம் சொல்லித்தரும் வாத்தியார்களிடம் ஒன்று கேட்கிறேன். தார் வெட்டிய வாழை மரம் நம் பக்கம் எந்தத் தோட்டத்திலும் கிடைக்கும். வளர்ந்த பிள்ளைகளை உங்கள் கண் முன்னால் ஒரு முறையாவது அதை வெட்டிப் பார்க்க விடுங்கள்.