ஃபிரெனெல்: கலங்கரை விளக்கத்துக்கு ஒளி அமைத்த பொறியாளர்

அகுஸ்தின் ஃபிரெனெல் (1788–1827) பிரான்சு நாட்டுச் சாலைப் பொறியாளர், இயற்பியலாளர். கலங்கரை விளக்கங்களுக்கான படிவில்லையை வடிவமைத்தவர். இருக்கும் ஒளியை வீணாக்காமல் வேண்டிய திசைக்கு அனுப்பினாலே அது நெடுந்தொலைவு தெரியும் என்று காட்டியவர்.

மனோராவும் நெப்போலியனும்

பட்டுக்கோட்டை அருகே கடலோரத்தில் நிற்கும் மனோரா, நெப்போலியனின் வீழ்ச்சியை நினைவுகூரத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய கோபுரம். அதன் கல்வெட்டு 1814-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. ஆனால் 1815 மார்ச்சில் நெப்போலியன் எல்பா தீவிலிருந்து திரும்பி மீண்டும் ஆட்சியைப் பிடித்தார். அவரை எதிர்த்து மன்னர் தரப்பில் சேர முன்வந்த ஃபிரெனெல் வேலையை இழந்தார். காவலர் கண்காணிப்புக்கும் ஆளானார். தாயார் வாழ்ந்த சிற்றூருக்குச் சென்று ஒளி பற்றிய சோதனைகளில் இறங்கினார். தக்க வில்லை கிடைக்காததால் ஒரு துளித் தேனையே வில்லையாக்கிக்கொண்டார்! அந்த ஆய்வுகள் வளர்ந்து, ஒளி அலையாகப் பரவுகிறது என்ற கொள்கைக்கு வலுச் சேர்த்தன. 1819-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசும் கிடைத்தது.

படிவில்லை

அதே ஆண்டு அறிவியலாளர் அராகோவின் பரிந்துரையால் கலங்கரை விளக்க ஆணையத்தில் பணியேற்றார். அன்று எண்ணெய் விளக்கின் பின்னே குழிந்த உலோக ஆடிகளை வைப்பார்கள். ஏறத்தாழப் பாதி ஒளியை உலோகமே விழுங்கிவிடும். ஆடிக்குப் பதில் பெரிய கண்ணாடி வில்லை வைக்கலாம். ஆனால் அதன் தடிப்பும் எடையும் மிகுதி.

ஒளியை வளைப்பது வில்லையின் வளைந்த மேற்பரப்பே. உள்ளே இருக்கும் தடித்த கண்ணாடி எடையைத்தான் கூட்டும். ஆகவே அதை நீக்கிவிட்டு, வளைபரப்பை மட்டும் வளையம் வளையமாக, கோயில் குளத்துப் படிகளைப் போல அடுக்கினார் ஃபிரெனெல். ஒவ்வொரு வளையத்தின் சாய்வும், நடுவிலுள்ள சுடரின் ஒளியை ஒரே திசையில் அனுப்பும்படி கணக்கிடப்பட்டது. இத்தகைய வில்லை முன்பே சிலர் எண்ணிப் பார்த்ததுதான். தனித்தனித் துண்டுகளாகச் செய்து பொருத்தி, அதைக் கடலோரத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது இவருடைய சாதனை.

1823 சூலையில் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதல் பெரிய படிவில்லை ஒளிவீசியது. அதன் ஒளி 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரிந்தது. நான்கே ஆண்டுகளில், 1827 சூலை 14 அன்று, காசநோயால் ஃபிரெனெல் இறந்தார். அப்போது அவருக்கு வயது 39. தம்பி லெயோனோர் பணியைத் தொடர்ந்தார்.

நம் கரையில்

நாகப்பட்டினம் முதல் கோடிக்கரை வரை குன்றே இல்லாத தாழ்ந்த கரை. இரவில் கடலிலிருந்து பார்ப்பவருக்குக் கரையை அடையாளம் காட்ட மலை ஏதும் இல்லை, விளக்கொளிதான் துணை. கலங்கரை விளக்கம் என்ற சொல் சிலப்பதிகாரக் காலம் முதல் நம்மிடம் உண்டு. அன்று உயர்ந்த மாடத்தில் தீயை வளர்த்தார்கள். தீ எல்லாத் திசையிலும் சிதறும். அதைக் கற்றையாக்கிக் கடலுக்கு அனுப்பும் வழியைக் கணக்கிட்டுக் கொடுத்தவர், அரசியல் புயலில் வேலையிழந்த ஒரு சாலைப் பொறியாளர். பள்ளியில் பாடப் படங்களைத் திரையில் காட்டிவந்த தலைமேல் ஒளிவீழ்த்தியின் தட்டை உற்றுப் பாருங்கள்: அதிலுள்ள நெருக்கமான வட்டக் கோடுகளும் ஃபிரெனெலின் படிகளே.