கடல் கடந்த பொருளும் வரியும்

அய்யனார் எல்லைத் தெய்வம். இராசபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்திலும் அவருக்குக் கோவில் உண்டு. வரிச்சட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதைக் கடந்து பொருளீட்டியவரிடம் அரசு என்ன கேட்கலாம் என்ற வினாவை நம்மிடையே நெடுங்காலம் எதிர்கொண்டவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார்.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போன அவர்களுக்கு 1922ஆம் ஆண்டு வருமான வரிச்சட்டம் ஒரு சலுகை அளித்தது. அயல்நாட்டு வாணிப இலாபம் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டால்தான் வரி. அதுவும் ஈட்டிய ஆண்டு முடிந்து மூன்றாண்டுகளுக்குள் வந்தால் மட்டுமே. எனவே எவ்வளவு ஈட்டினார் என்பதோடு, ஈட்டியது எப்போது ஊர் வந்து சேர்ந்தது என்பதும் பேரேட்டில் முக்கியமாயிற்று. வந்த பணம் முதலா, இலாபமா என்ற வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றன.

பர்மாவின் கதை வேறு. 1937 ஏப்ரல் 1 அன்று அது பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதுவரை உள்நாட்டுக் கடையாக இருந்த இரங்கூன் கடை, இருந்த இடத்திலேயே அயல்நாட்டுக் கடையாயிற்று. 1939ஆம் ஆண்டுத் திருத்தமோ, இங்கு வசிப்பவரின் உலக வருமானம் முழுவதையும் வரிக்குள் கொண்டுவந்தது. ஊருக்குக் கொண்டுவராத அயல் வருமானத்தில் 4,500 ரூபாய்க்கு மட்டும் விலக்கு. மூன்றாண்டுகளில் சப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைய, வரிக்குரிய அந்தச் செல்வத்தின் பெரும்பகுதியே கைவிட்டுப் போயிற்று.

நம் சட்டம் வசிப்பிடத்தைக் கேட்கிறது; அமெரிக்கச் சட்டம் குடியுரிமையைக் கேட்கிறது. மெக்சிகோவில் வாழும் அமெரிக்கரும் வரி செலுத்தவேண்டும் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1924இல் தீர்ப்பளித்தது. அயல்நாட்டில் உழைத்து ஈட்டும் ஊதியத்துக்கு 1926இல் விலக்கு வந்தது. 2025ஆம் ஆண்டுக்கு அதன் வரம்பு 1,30,000 டாலர். வட்டி, வாடகை, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு அவ்விலக்கு இல்லை.

ஈப்போ ரப்பர் தோட்ட வருமானம் குறித்த குழந்தையன் செட்டியார் வழக்கில், மலேசிய உடன்படிக்கையின்படி அதற்கு இங்கே வரியில்லை என்று நம் உச்சநீதிமன்றம் 2004இல் கூறியது. இத்தகைய வருமானத்தையும் இங்கே கணக்கில் சேர்த்து, அங்கே கட்டிய வரிக்குக் கழிவு தரப்படும் என்று 2008இல் மத்திய அரசு அறிவித்தது.

அமெரிக்கக் குடியுரிமை பெற்று, முதுமையில் ஊர் திரும்பும் தமிழரிடம் இன்று இரண்டு அரசுகளும் கணக்குக் கேட்கின்றன. ஒரே வருவாய்க்கு இருமுறை வரி கட்டாதிருக்க 1989இல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க உடன்படிக்கை துணை நிற்கிறது. ஆனால் கணக்கை இரு நாட்டுக்கும் அவர் ஒப்படைத்தே ஆகவேண்டும். செட்டியாரின் பணம் கடல் கடந்த பிறகே வரி அவரைத் தேடிவந்தது. இவருக்கோ, எங்கே வாழ்ந்தாலும் கடவுச்சீட்டோடு வரியும் கூடவே வருகிறது.