மைக்ரோக்ளியா: மூளைக்குள் குடிவந்த செல்லின் நூறு வருஷக் கதை

"எல்லா நோய்க்கும் மருந்து வருது டாக்டர். இந்த மறதி நோயைக் குணப்படுத்த மட்டும் ஏன் ஒண்ணும் வரல?"

அப்பாவையோ அம்மாவையோ ஓபிக்குக் கூட்டிட்டு வர்றவங்க கேட்கிற கேள்வி. வரிசை நிக்கும்போது ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்ல முடியாது. அதனாலதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

பதிலில் ஒரு பகுதி, மைக்ரோக்ளியா என்கிற செல்லைப் பற்றியது. மூளையிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் நோய் எதிர்ப்பு செல் இது. செத்த செல், கிருமி, கழிவு எல்லாத்தையும் விழுங்கிச் சுத்தம் பண்ணும். வளரும் மூளையில் வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கத்தரிக்கிற வேலையிலும் இதற்குப் பங்குண்டு.

இதைத் தெளிவாகப் பார்த்துப் பெயரும் வைத்தவர், ஸ்பெயினின் பியோ டெல் ரியோ ஓர்டேகா. வருஷம் 1919, ஊர் மாட்ரிட். அவருடைய குரு சாதாரண ஆள் இல்லை, 1906-ல் நோபல் வாங்கிய ரமோன் இ காஹால். நியூரான், ஆஸ்ட்ரோசைட் போக மிச்சமிருந்த, கிளையே தெரியாத செல்களை எல்லாம் 'மூன்றாவது வகை' என்று ஒரே கூட்டமாகப் போட்டு வைத்திருந்தார் காஹால். ஓர்டேகா வெள்ளி கார்பனேட்டில் புதுச் சாயம் தயாரித்துப் பார்த்தார். கிளைகள் பளிச்சென்று தெரிந்தன. அந்தக் கூட்டத்தில் இருந்தது ஒரு வகை இல்லை, ரெண்டு!

குருவுக்கு எப்படி இருந்திருக்கும்? 1920-ல் ஓர்டேகா அந்த ஆய்வகத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். (உள்பகைகளும் இருந்தன. பழியை முழுக்க காஹால் தலையில் போடுவது நியாயமில்லை.) பிறகு உள்நாட்டுப் போர். நாட்டை விட்டுக் கிளம்பி பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்ட் என்று அலைந்து, 1945-ல் புவெனஸ் ஐரிஸில் இறந்தார்.

அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இந்த செல் மூளையில் பிறந்ததே இல்லை, வெளியிலிருந்து குடிவந்தது என்று. இல்லவே இல்லை என்றது ஒரு கட்சி. வெளியிலிருந்துதான், ஆனால் ரத்தத்தின் மோனோசைட்டிலிருந்து என்றது இன்னொரு கட்சி. இந்தச் சண்டை பல பத்தாண்டுகள் ஓடியது.

முடிவு கிடைத்தது 2010-ல். சுண்டெலிக் கருவில், ஏழாம் நாள் வாக்கில் யோக் சாக்கில் இருக்கும் செல்களுக்கு அடையாளம் போட்டுப் பின்தொடர்ந்தார்கள். யோக் சாக் என்பது ஆரம்பக் கருவோடு ஒட்டியிருக்கும் சின்னப் பை. வளர்ந்த எலியின் மூளையில் அதே அடையாளத்தோடு மைக்ரோக்ளியா! எலும்பு மஜ்ஜை உருவாவதற்கு முன்னாடியே கிளம்பி மூளைக்குப் போய்விடுகிற செல் இது.

பிறந்த இடம் எதுக்கு இவ்வளவு முக்கியம்னு கேட்பீங்க. சொல்றேன்.

நோயை ஆராயணும்னா நோயாளியோட செல் வேணும். ரத்தம்னா ஊசியில எடுத்துடலாம், கல்லீரல்னா பயாப்ஸி. மூளைக்கு? பிரேதப் பரிசோதனை, இல்லேன்னா வலிப்பு அறுவை சிகிச்சையில் மிஞ்சும் துண்டு. அதிலிருந்து எடுத்தாலும், வெளியே வந்த சில மணி நேரத்திலேயே மைக்ரோக்ளியா தன் சுபாவத்தை இழக்க ஆரம்பித்துவிடுகிறது. அதனால் பெரும்பாலும் எலியை நம்பித்தான் ஓட்டினோம். எலியின் மைக்ரோக்ளியா எல்லா விஷயத்திலும் மனிதனுடையது போல நடந்துகொள்வதில்லை.

2007-ல் யமனகா குழு, வளர்ந்த மனிதரின் தோல் செல்லை நான்கு மரபணுக்களால் ஸ்டெம் செல்லாகத் திருப்பிக் காட்டியது. அதிலிருந்து நியூரான் வளர்த்தார்கள், இதயத் தசை வளர்த்தார்கள். மைக்ரோக்ளியா மட்டும் ரொம்ப நாள் பிடி கொடுக்கவில்லை.

2013-ல் அவசரம் கூடியது. TREM2 என்ற மரபணுவின் ஒரு அரிய மாற்றம் இருப்பவர்களுக்கு அல்சைமர் ஆபத்து சுமார் 3 மடங்கு என்று தெரிந்தது. மூளைக்குள் அந்த மரபணு வேலை செய்யும் முக்கியமான இடம் மைக்ரோக்ளியா. அதுவரை வேடிக்கை பார்ப்பவராக நினைத்திருந்தவர் வழக்கின் உள்ளே வந்துவிட்டார்.

2016-ல் அமெரிக்காவின் ஒயிட்ஹெட் நிறுவனத்தில் ருடால்ஃப் யேனிஷ் குழுவும், 2017-ல் கலிஃபோர்னியாவின் இர்வைன் உட்படப் பல குழுக்களும் மைக்ரோக்ளியா போன்ற செல்களை வளர்த்துக் காட்டின. சூத்திரம் என்ன? கரு போன பாதையிலேயே போவது. ஸ்டெம் செல்லை முதலில் யோக் சாக் காலத்து ரத்த முன்னோடி செல்லாக்கி, பிறகு மூளையில் கிடைக்கும் IL-34 மாதிரியான சமிக்ஞைப் புரதங்களை ஊட்டினார்கள். இர்வைன் முறையில் ஐந்து வாரத்துக்கு மேல் பிடித்தது. விளைந்த செல்கள், தட்டில் போட்ட அமிலாய்டை விழுங்கின.

ஆனாலும் தட்டில் வளர்வது முழு மைக்ரோக்ளியா இல்லை. 2019-ல் இவற்றை எலி மூளைக்குள் செலுத்தியபோதுதான், மனித மூளையில் இருப்பதற்கு இன்னும் நெருங்கி வந்தன. இப்போது TREM2 மாற்றம் உள்ள செல்லையும் இல்லாத செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கே பிசகுகிறது என்று பார்க்க முடிகிறது. மருந்தைச் சோதிக்கவும் முடிகிறது.

முக்கியமான ஒண்ணு. இது ஆராய்ச்சிக் கருவி, சிகிச்சை இல்லை. போன மாசம் ஒருத்தர், அப்பாவுக்கு 'ஸ்டெம் செல் ஊசி' போட நகையை அடகு வைக்கலாமான்னு கேட்டார். வேண்டாம்னு சொன்னேன். ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல்படி அல்சைமருக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. முறையான ஆய்வுக்கு உட்பட்டுத்தான் கொடுக்கலாம், அந்த ஆய்வில் நோயாளியிடம் காசு கேட்கக் கூடாது. உங்க வீட்டிலும் யாராவது அப்படி லட்சக்கணக்கில் கேட்டா, ஆய்வின் சிடிஆர்ஐ பதிவு எண்ணை முதலில் கேளுங்க.