போட்டியாளர் பகுப்பாய்வு

போட்டியாளர் பகுப்பாய்வு என்பது, ஒரு நிறுவனம் தன்னுடன் ஒரே வாடிக்கையாளருக்காகப் போட்டியிடும் பிற நிறுவனங்களின் நோக்கம், செயல்முறை, வலிமை, குறைபாடு ஆகியவற்றை முறைப்படி ஆராய்ந்து, அதன் அடிப்படையில் தனது செயற்பாட்டை மேம்படுத்திக்கொள்ளும் முறையாகும். இது மேலாண்மையியல், சந்தைப்படுத்தல் ஆகிய துறைகளின் ஒரு பகுதியாகக் கற்பிக்கப்படுகிறது. பெருநிறுவனங்கள் மட்டுமன்றிச் சிறு கடைகளும் இதனைப் பயன்படுத்த இயலும்.

போட்டியாளர் செய்வதை அப்படியே பின்பற்றுவது போட்டியாளர் பகுப்பாய்வு ஆகாது. குறைந்த விலை, கூடுதல் விற்பனை போன்றவை வெளியே தெரியும் விளைவுகள் மட்டுமே. அவ்விளைவுகளைத் தரும் காரணங்களைக் கண்டறிந்து, அவை தன்னிடம் உள்ளனவா என ஒப்பிட்டுப் பார்ப்பதே இம்முறையின் மையப் பணியாகும்.

போட்டியாளர் வகைகள்

ஆய்வைத் தொடங்கும் முன் போட்டியாளர் யார் என்பதை வரையறுத்தல் வேண்டும். பொதுவாக மூன்று வகையினர் குறிப்பிடப்படுகின்றனர்.

- நேரடிப் போட்டியாளர்: ஒரே வகைப் பொருளை ஒரே வகை வாடிக்கையாளருக்கு விற்பவர். எடுத்துக்காட்டாக, கோக்க கோலா, பெப்சி ஆகிய நிறுவனங்கள்.
- மறைமுகப் போட்டியாளர்: வேறு பொருளைக் கொண்டு அதே தேவையை நிறைவு செய்பவர். ஒரே ஊருக்குச் செல்லும் பேருந்தும் தொடருந்தும் இத்தகையன.
- வருங்காலப் போட்டியாளர்: இன்னும் சந்தைக்குள் வராதவர், ஆனால் வருவதற்கான வளமும் திறனும் உடையவர்.

முதல் வகையினர் எளிதில் கண்ணுக்குத் தெரிவர். மற்ற இரு வகையினரைக் கவனியாது விடுவதே பெரும் இழப்புகளுக்குக் காரணமாகிறது.

வரலாறு

போட்டியாளரைக் கவனிக்கும் பழக்கம் வணிகத்தைப் போலவே பழமையானது. வால்மார்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த சாம் வால்ட்டன், பிற கடைகளுக்கு நேரில் சென்று விலைகளையும் பொருட்கள் அடுக்கப்பட்டுள்ள முறையையும் குறித்துக்கொள்ளும் வழக்கம் உடையவராக இருந்தார். 1992 ஆம் ஆண்டில் வெளிவந்த தன்வரலாற்று நூலில் அவரே இதனைக் குறிப்பிட்டுள்ளார்.

இப்பழக்கத்துக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் ஹார்வர்ட் வணிகப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் போர்ட்டர் ஆவார். 1980 ஆம் ஆண்டில் வெளியான அவரது நூல், போட்டி உத்தி பற்றியும் போட்டியாளரை ஆராயும் நுட்பங்கள் பற்றியும் விரிவாகக் கூறியது. 1986 ஆம் ஆண்டில் இத்துறையில் பணிபுரிவோருக்கான தொழில்முறைச் சங்கம் ஒன்று ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்டது.

போர்ட்டரின் நான்கு கூறுகள்

ஒரு போட்டியாளரை அறிய நான்கு கூறுகளை ஆராய வேண்டும் என போர்ட்டர் கூறுகிறார்.

1. வருங்கால இலக்குகள்: போட்டியாளர் எதனை அடைய விரும்புகிறார்? இலாபத்தையா, சந்தைப் பங்கையா, தொழில்நுட்பத் தலைமையையா?
2. எண்ணங்கள்: தன்னைப் பற்றியும் தனது தொழிலைப் பற்றியும் அவர் எதனை உண்மை எனக் கருதுகிறார்? அக்கருத்து தவறாகவும் இருக்கலாம்.
3. தற்போதைய உத்தி: அவர் இப்போது எவ்வாறு போட்டியிடுகிறார்?
4. திறன்கள்: அவரால் எது முடியும், எது முடியாது?

பெரும்பாலானோர் மூன்றாவது, நான்காவது கூறுகளுடன் நின்றுவிடுகின்றனர். முதல் இரண்டும் வெளிப்படையாகத் தெரிவதில்லை. எனினும், தனது அடுத்த நடவடிக்கைக்குப் போட்டியாளர் எவ்வாறு பதிலளிப்பார் என முன்கூட்டியே உணர்வதற்கு அவ்விரண்டும் இன்றியமையாதவை.

செயல்முறை

போட்டியாளர் பகுப்பாய்வு பொதுவாகப் பின்வரும் படிகளைக் கொண்டது.

1. ஆராய வேண்டிய கேள்வியைத் தெளிவாக எழுதுதல்.
2. போட்டியாளர்களைத் தெரிவு செய்தல்.
3. தனது சொந்தச் செயற்பாட்டை அளவிடுதல்.
4. போட்டியாளர் பற்றிய தரவுகளைத் திரட்டுதல். ஆண்டறிக்கைகள், காப்புரிமை ஆவணங்கள், விலைப்பட்டியல்கள், வேலைவாய்ப்பு விளம்பரங்கள், வாடிக்கையாளர் கருத்துகள், கடையில் வாங்கிய பொருள் ஆகியன வெளிப்படையாகக் கிடைக்கும் மூலங்களாகும்.
5. இரண்டையும் ஒரே அலகில் ஒப்பிட்டு இடைவெளியைக் கணக்கிடுதல்.
6. இடைவெளிக்கான காரணத்தைக் கண்டறிதல்.
7. மாற்றத்தைச் செயற்படுத்தி, மீண்டும் அளவிடுதல்.

இவற்றுள் மூன்றாவது படி பலராலும் தவிர்க்கப்படுகிறது. தனது செலவு எவ்வளவு என அறியாத ஒருவருக்குப் போட்டியாளரின் விலை எந்தச் செய்தியையும் தருவதில்லை.

ஒரு கணக்கு

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட கற்பனை எடுத்துக்காட்டு ஆகும். ஒரு கல்லூரிக்கு அருகில் அ, ஆ என இரு ஒளிநகல் கடைகள் உள்ளன. அ கடை ஒரு பக்கத்துக்கு ரூ. 1.25 வாங்குகிறது. ஆ கடை ரூ. 1.00 மட்டுமே வாங்குகிறது. இரண்டிலும் தாளுக்கு 50 காசும், மைத்தூளுக்கு 15 காசும் செலவாகின்றன. இயந்திரத்தின் மாத வாடகை இரண்டுக்கும் ரூ. 6,000. எல்லாப் பக்கங்களும் ஒருபக்க நகல்கள் எனக் கொள்வோம். கடை வாடகை, மின்சாரம், கூலி ஆகியன கணக்கில் சேர்க்கப்படவில்லை.

- அ கடை மாதம் 20,000 பக்கங்கள் எடுக்கிறது. இயந்திர வாடகை பக்கத்துக்கு 30 காசு. மொத்தச் செலவு 95 காசு. மிகுதி 30 காசு. மாத மிகுதி ரூ. 6,000.
- ஆ கடை மாதம் 60,000 பக்கங்கள் எடுக்கிறது. இயந்திர வாடகை பக்கத்துக்கு 10 காசு. மொத்தச் செலவு 75 காசு. மிகுதி 25 காசு. மாத மிகுதி ரூ. 15,000.

அ கடைக்காரர் ஆ கடையின் விலையை மட்டும் பார்த்துத் தனது விலையையும் ரூ. 1.00 ஆகக் குறைத்தால், பக்கங்களின் எண்ணிக்கை உயராத நிலையில், அவரது மாத மிகுதி ரூ. 1,000 ஆக வீழும். பழைய மிகுதியைப் பெற அவர் ஏறத்தாழ 34,300 பக்கங்கள் எடுக்க வேண்டியிருக்கும். எனவே அவர் கேட்க வேண்டிய கேள்வி, "ஆ கடையின் விலை என்ன?" என்பதன்று, "ஆ கடைக்கு 60,000 பக்கங்கள் எவ்வாறு கிடைக்கின்றன?" என்பதே. வகுப்பு தொடங்கும் முன்னரே கடை திறக்கப்படலாம். ஆய்வேடுகளைக் கட்டித் தரும் வசதி இருக்கலாம். இவற்றைப் பின்பற்ற முடியுமானால் விலைக்குறைப்பு பயனளிக்கும். இல்லையெனில் இழப்பையே தரும்.

ஆ கடையின் பக்க எண்ணிக்கையை அறிவதற்கு அக்கடையின் கணக்கேடு தேவையில்லை. ஒரு ரீம் என்பது 500 தாள்கள். கடைக்கு மாதம் ஏறத்தாழ 120 ரீம்கள் வந்து இறங்குவதைத் தெருவில் நிற்பவரும் காண இயலும். வெளிப்படையான தகவலிலிருந்து மதிப்பிடுதல் என்பது இதுவேயாகும்.

எடுத்துக்காட்டு: செராக்ஸ் நிறுவனம்

போட்டியாளர் பகுப்பாய்வின் வரலாற்றில் மிகுதியாக எடுத்தாளப்படும் நிகழ்வு ஐக்கிய அமெரிக்காவின் செராக்ஸ் நிறுவனத்தினுடையது. 1959 ஆம் ஆண்டில் இந்நிறுவனம் அறிமுகம் செய்த 914 என்னும் இயந்திரம் பெரும் வெற்றி பெற்றது. தமிழ்நாட்டில் ஒளிநகல் எடுப்பதையே செராக்ஸ் எடுத்தல் எனக் கூறும் அளவுக்கு அதன் பெயர் பரவியது. 1970களில் நிலைமை மாறியது. 1975 ஆம் ஆண்டில் ஏற்பட்ட சட்ட உடன்பாட்டின்படி தனது காப்புரிமைகளைப் பிறருக்கு வழங்க வேண்டிய நிலை உருவானது. கேனன், ரிக்கோ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் சிறிய, மலிவான இயந்திரங்களை விற்கத் தொடங்கின. செராக்ஸின் சந்தைப் பங்கு விரைவாகச் சரிந்தது.

1979 ஆம் ஆண்டில் செராக்ஸ் தனது உற்பத்திச் செலவைப் போட்டியாளர்களின் செலவுடன் ஒப்பிடத் தொடங்கியது. போட்டி இயந்திரங்கள் பிரிக்கப்பட்டு, அவற்றின் பாகங்கள் ஒவ்வொன்றும் ஆராயப்பட்டன. ஜப்பானிய நிறுவனங்களின் விற்பனை விலை, செராக்ஸின் உற்பத்திச் செலவுக்கு இணையாக இருப்பது தெரியவந்தது. 1962 ஆம் ஆண்டு முதல் ஜப்பானில் இயங்கிவந்த கூட்டு நிறுவனமான புஜி செராக்ஸின் கணக்குகள் இதனை உறுதி செய்தன. போட்டியாளர் நட்டத்துக்கு விற்கிறார் என ஆறுதல் கொள்ள இனி வழியில்லை. குறை தமது உற்பத்தி முறையிலேயே இருந்தது.

இதன் பின்னர் பாகங்களை வழங்கும் நிறுவனங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கிலிருந்து சில நூறாகக் குறைக்கப்பட்டது. வடிவமைப்பு முறையும் தரக் கட்டுப்பாடும் மாற்றி அமைக்கப்பட்டன.

செராக்ஸின் அடுத்த படி மேலும் குறிப்பிடத்தக்கது. அதன் பண்டகசாலைகளில் உதிரிப் பாகங்களை எடுத்து அனுப்பும் பணி மெதுவாக நடைபெற்றது. இதற்குத் தீர்வு தேடியவர்கள் ஒளிநகல் இயந்திர நிறுவனங்களை மட்டும் பார்க்கவில்லை. மேய்ன் மாநிலத்தில் காலணிகளையும் வெளிப்புற விளையாட்டுப் பொருட்களையும் அஞ்சல் வழி விற்றுவந்த எல். எல். பீன் நிறுவனத்தை 1980களின் தொடக்கத்தில் ஆராய்ந்தனர். இரு நிறுவனங்களும் பல அளவும் பல வடிவமும் கொண்ட பொருட்களைக் கையால் எடுத்துக் கட்டி அனுப்பின. ஆனால் எல். எல். பீன் ஊழியர்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாக எடுத்தனர். அடிக்கடி விற்கும் பொருட்கள் அருகிலேயே வைக்கப்பட்டதும், ஊழியர் நடக்க வேண்டிய தொலைவு குறையும்படி வேண்டுகைகள் கணினியால் வரிசைப்படுத்தப்பட்டதுமே இதற்குக் காரணங்களாகும். இவ்வாறு தொழில் எல்லையைக் கடந்து சிறந்த செயல்முறையைத் தேடி ஒப்பிடுவது பெஞ்ச்மார்க்கிங் என்னும் பெயரில் பரவியது. செராக்ஸில் பணியாற்றிய ராபர்ட் கேம்ப் 1989 ஆம் ஆண்டில் இதனைப் பற்றி நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் செராக்ஸின் ஒரு பிரிவு மால்கம் பால்ட்ரிஜ் தேசியத் தர விருதைப் பெற்றது.

எனினும் இம்மீட்சி நிலையான பாதுகாப்பாக அமையவில்லை. 2000 ஆம் ஆண்டில் செராக்ஸ் கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளானது.

குறைபாடுகள்

தவறான அளவுகோல்

1970களின் நடுப்பகுதியில் பெப்சி, பெயர் மறைத்த சுவைச் சோதனையைத் தனது விளம்பரமாக்கியது. அதில் பலர் பெப்சியைத் தெரிவு செய்தனர். கோக்க கோலா தானும் அத்தகைய சோதனைகளை ஏறத்தாழ 2,00,000 பேரிடம் நடத்தி, இனிப்பு மிகுந்த புதிய கலவையை 1985 ஏப்ரலில் வெளியிட்டது. சோதனைகளில் அது வென்றது. சந்தையில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அவ்வாண்டு சூலையிலேயே பழைய பானம் மீண்டும் விற்பனைக்கு வந்தது. போட்டியாளர் தெரிவு செய்த அளவுகோலைத் தனதாக்கிக்கொண்டதால், பழைய பானத்தின் மீது மக்கள் கொண்டிருந்த பற்று அளவிடப்படாமல் போயிற்று.

கண்ணில் படாத போட்டியாளர்

பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தின் அச்சுப் பதிப்பு விற்பனை 1990 ஆம் ஆண்டில் உச்சத்தை எட்டியது. 1993 ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் என்கார்ட்டா என்னும் குறுவட்டுக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. பிரித்தானிக்காவுக்கு அத்தொழில்நுட்பம் புதிதன்று. அதற்கு உரிமையான காம்ப்டன் கலைக்களஞ்சியம் 1989 ஆம் ஆண்டிலேயே குறுவட்டில் வெளிவந்திருந்தது. இருப்பினும் அச்சு விற்பனை வீழ்ச்சியைத் தடுக்க இயலவில்லை. பின்னர் என்கார்ட்டாவும் 2001 ஆம் ஆண்டில் தொடங்கிய விக்கிப்பீடியாவின் வளர்ச்சிக்கு முன் தளர்ந்து, 2009 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. பிரித்தானிக்கா 2012 ஆம் ஆண்டில் அச்சுப் பதிப்பைக் கைவிட்டு இணையத்தில் தொடர்ந்தது. உள்ளடக்கத்தின் தரத்தை மட்டும் ஒப்பிட்டவருக்கு, இப்போட்டி எங்கிருந்து வரும் என்பது புலப்பட்டிராது.

வென்றவரை மட்டும் பார்த்தல்

வெற்றி பெற்ற நிறுவனங்களை மட்டும் ஆராய்ந்தால், அவற்றின் பொதுவான பண்புகளே வெற்றிக்குக் காரணம் எனத் தோன்றும். அதே பண்புகளுடன் தோல்வியுற்ற நிறுவனங்கள் கண்ணில் படுவதில்லை. ஆகவே மூடப்பட்ட நிறுவனங்களையும் ஆய்வில் சேர்த்தல் வேண்டும்.

சட்டமும் அறமும்

போட்டியாளர் பகுப்பாய்வு வேறு, தொழில் உளவு வேறு. வெளிப்படையாகக் கிடைக்கும் தகவலைத் திரட்டுவது முதலாவது. களவு, ஆள்மாறாட்டம், கையூட்டு ஆகியவற்றின் மூலம் மறைபொருளைப் பெறுவது இரண்டாவது. ஐக்கிய அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டின் பொருளாதார உளவுச் சட்டம் வணிக இரகசியங்களைத் திருடுவதைக் கூட்டாட்சிக் குற்றமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016 ஆம் ஆண்டு நெறியுரை, முறையாகப் பெற்ற ஒரு பொருளைப் பிரித்து ஆராய்வதைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறது. எனினும் அவ்வாறு அறிந்ததைப் பயன்படுத்தும்போது காப்புரிமைச் சட்டம் பொருந்தும்.

எல்லை கடந்ததற்கான அறியப்பட்ட நிகழ்வு 2001 ஆம் ஆண்டில் வெளியானது. புரொக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்துக்காகப் பணிபுரிந்தோர், யூனிலீவர் நிறுவன அலுவலகத்தின் குப்பையிலிருந்து ஆவணங்களை எடுத்திருந்தனர். இதனை அறிந்த புரொக்டர் அண்ட் கேம்பிள் தானே யூனிலீவரிடம் தெரிவித்தது. இரு நிறுவனங்களும் பின்னர் உடன்பாட்டுக்கு வந்தன. தகவல் எவ்வாறு பெறப்பட்டது என்பதை வெளிப்படையாகக் கூற முடியுமா என்னும் கேள்வி, இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய எளிய வழியாகும்.

இவற்றையும் பார்க்க

- சந்தை ஆய்வு
- சந்தைப்படுத்தல்
- காப்புரிமை
- வணிக இரகசியம்
- தரக் கட்டுப்பாடு