கோட்டைச் சமையற்கட்டு

இன்டர்மீடியட்டில் நான் படித்த ரசாயனம் பெரும்பாலும் மறந்துபோயிற்று. ஆனால் ரசாயனத்தோடு மல்லுக்கு நின்ற மனிதர்களின் கதைகள் மட்டும் மனத்தைவிட்டு அகலவில்லை. அவர்களில் ஒருவர் பிரெடரிக் மீஷர்.

ஜெர்மனியில் நெக்கார் நதிக்கரையில் உள்ள டூபிங்கனில், குன்றின் மேல் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. பிரபுக்களின் காலம் போய், அது பல்கலைக்கழகத்தின் வசம் வந்தது. பேராசிரியர் ஹோப்பே-ஸைலரின் ஆராய்ச்சிசாலை அங்கேதான். 1868-ல் அவரிடம் வந்து சேர்ந்த மீஷருக்குக் கிடைத்த இடம், கோட்டையின் பழைய சமையற்கட்டு! ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரத்துக்காரர், வயது 24. வைத்தியம் படித்தவர்தாம். ஆனால் காது மந்தம். நோயாளியின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்க முடியாதவர் எப்படி வைத்தியம் பார்ப்பது? ரசாயனத்துக்கு வந்துவிட்டார்.

ரத்தத்தின் வெள்ளை அணுக்களை ஆராய வேண்டும். அவை ஏராளமாகக் கிடைக்கும் இடம் எது? ஆஸ்பத்திரியில் புண்ணிலிருந்து அவிழ்த்து எறியும் கட்டுத் துணிகள்தாம். சீழில் நிறைந்திருப்பவை அந்த அணுக்கள்தானே! கெட்டுப்போனவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை உப்புக் கரைசலில் அலசுவார். நூலும் தும்பும் போக வடிகட்டுவார். சுழற்றிப் பிரிக்கும் யந்திரம் அவரிடம் இல்லை. அணுக்கள் தாமாக அடியில் படியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பிறகு அணுவின் மற்ற பகுதியைக் கரைத்து, உட்கருவை மட்டும் எடுக்க வேண்டும். அதற்காகப் பன்றியின் இரைப்பையை அமிலத்தால் கழுவி, ஜீரண ரசத்தைத் தாமே தயாரித்துக்கொண்டார்.

1869-ல் ஒரு புதிய பொருள் அகப்பட்டது. காரத்தில் கரைந்தது, அமிலம் விட்டதும் திரிந்து விழுந்தது. அதில் பாஸ்பரஸ் மிகுதியாக இருந்தது. ‘நியூக்ளீன்’ என்று பெயரிட்டார். குருநாதருக்குச் சந்தேகம். தாமே மறுபடி செய்து பார்த்த பிறகே, 1871-ல் தம் பத்திரிகையில் வெளியிட்டார்.

பாஸலுக்குத் திரும்பிய மீஷர், ரைன் நதியின் ஸால்மன் மீன்களை எடுத்துக்கொண்டார். பொருள் கெட்டுவிடாதிருக்கக் குளிர் அறையில் நின்றே வேலை செய்தார். 1895-ல் க்ஷயரோகம் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 51. அவர் கண்ட பொருளே பரம்பரைக் குணங்களைச் சுமப்பது என்று நியூயார்க்கில் ஏவரியும் கூட்டாளிகளும் காட்டியது 1944-ல். அதன் முறுக்கு ஏணி வடிவம் புலப்பட்டது 1953-ல்.

இன்று டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கப் பெட்டி போன்ற யந்திரங்கள் இருக்கின்றன. குழிகளில் ரத்தத் துளிகளை விட்டால் போதும். அணு உடைகிறது, நுண்ணிய காந்த மணிகள் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்கின்றன, காந்தம் அவற்றை இழுத்துப் பிடிக்க, அழுக்கெல்லாம் கழுவப்படுகிறது. பல பேருடைய மாதிரிகள் ஒரே சமயத்தில் தயாராகிவிடுகின்றன. யோசித்துப் பார்த்தால், உடைப்பது, கழுவுவது, பிரிப்பது என்ற அந்தச் சமையற்கட்டு வேலைதான் இதுவும். காத்திருப்பதுதான் குறைந்திருக்கிறது.

மீஷர் பிரித்தெடுத்த நியூக்ளீன் ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் டூபிங்கனில் இன்றும் இருக்கிறது. தம் கையில் இருந்தது இன்னதென்று முழுக்கத் தெரியாமலே அவர் போய்விட்டார். ஆனாலும் அதைக் கெடாமல் வைத்துவிட்டுப் போனார்.