துவக்கின் எடை

பாடசாலைச் சுற்றுலாவில் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய், பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கு முன்னால நின்று படம் எடுக்காத மலையகப் பிள்ளைகள் குறைவு. அந்தப் பேக்கர் யார் என்று கேட்டால், “யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை” என்பதோடு பதில் முடிஞ்சிடும். சாமுவேல் பேக்கர் பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய் உலகப் புகழ் வாங்கியவர். அதற்கு முன்னால், 1848 முதல் 1855 வரை, நுவரெலியாவில் குடியிருந்தார். பண்ணை வைத்தார், நாய்க்கூட்டம் வளர்த்தார், ஓயாமல் வேட்டையாடினார். எந்த மிருகத்துக்கு எந்தத் துவக்கு நல்லது என்று பக்கம் பக்கமாக எழுதியும் வைத்தார். இந்தக் கட்டுரை அந்தத் துவக்குகளின் எடையைப் பற்றியது.

இன்றைக்கு நியூசிலாந்திலோ அவுஸ்திரேலியாவிலோ மலைக்காட்டுக்கு வேட்டைக்குப் போகிற ஒருவர் துவக்கு வாங்கப் போனால் மூன்று விசயம் கேட்பார். எத்தனை கிலோ? எவ்வளவு தூரத்துக்குச் சரியாகப் போகும்? இடக்கைக்காரராக இருந்தால், இடப்பக்கம் கைப்பிடி வைத்தது இருக்கா? கடைக்காரர் மூன்று கிலோவுக்கும் குறைவான ஒன்றை எடுத்துக் காட்டுவார். பேக்கர் அதைப் பார்த்திருந்தால் விளையாட்டுச் சாமான் என்று சொல்லியிருப்பார். அவர் பாரமான துவக்கின் பக்தர்.

அவர் இலங்கையில் வைத்திருந்த துவக்குகளின் கணக்கை அவரே தந்திருக்கிறார். பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பவர் செய்த ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று, 21 இறாத்தல். இன்னொரு ஒற்றைக்குழல், 16 இறாத்தல். இரட்டைக்குழல் நாலு, ஒவ்வொன்றும் 15 இறாத்தல். கூட்டிப் பார்த்தோம்: 97 இறாத்தல், அதாவது 44 கிலோ. பெரிய துவக்கு நாலு அவுன்ஸ் குண்டைச் சுடும். அது 113 கிராம். இன்றைய மான் வேட்டை ரவை ஒன்று பத்து கிராம் அளவுதான்.

ஏன் இவ்வளவு பாரம்? அந்தக் காலத்துக் கருமருந்துக்குச் சக்தி குறைவு, குண்டுக்குப் பெரிய வேகம் வராது. வேகம் இல்லாத இடத்தில் எடையால்தான் யானையின் மண்டையோட்டை உடைக்க முடியும். குண்டு பெருசானால் மருந்தும் கூடும். மருந்து கூடினால் தோளில் உதைக்கும் உதையும் கூடும். அந்த உதையைத் தாங்க துவக்கே பாரமாக இருக்க வேணும். ஒரே தோட்டாவை இரண்டு துவக்கில் போட்டுச் சுட்டால், பாதி எடை உள்ளது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தியோடு திருப்பி உதைக்கும். பேக்கரின் கணக்கில் பிழை இல்லை.

ஆனா ஒரு கேள்வியை அவர் கேட்கத் தேவையே இருக்கவில்லை: 44 கிலோவைக் காட்டுக்குள்ள யார் தூக்கிட்டுப் போறது?

துவக்குக்காரர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒன்றோ இரண்டோ சுமந்து துரைக்குப் பின்னால் நடக்க வேணும். துரை சுட்டதும் அடுத்ததைக் கையில் கொடுக்க வேணும். யானை திரும்பி ஓடி வந்தாலும் ஓடக் கூடாது. யானையை மிகக் கிட்டத்தில் நின்று நெற்றியில் சுடுவதுதான் அப்போதைய வழக்கம் என்பதால், அடுத்த துவக்கு கைக்கு வருகிற அந்த ஒரு நொடிதான் துரையின் உயிர். வேட்டைப் புத்தகங்களில் இவர்கள் பயந்து ஓடும்போது மட்டும் முழு மனிதராக வருகிறார்கள். ஓடாமல் நின்ற நாட்களில் துரையின் கை நீளமாகிவிட்டது போல, துவக்கு தானாகவே வந்து சேருகிறது.

மலைநாடு முழுக்க அப்படித்தான் இயங்கிக்கொண்டிருந்தது. ரயில் கண்டிக்கு வந்தது 1867இல், நானுஓயாவுக்கு 1885இல். அதற்கு முன்னால் மலைக்கு ஏறிய அரிசி மூட்டையும் இரும்புச் சாமானும் மாட்டு வண்டியிலும் மனுசத் தலையிலும்தான் ஏறின. தமிழ்நாட்டிலிருந்து வந்து கோப்பித் தோட்டத்துக்கு நடந்த எங்கள் ஆட்களின் தலைகளும் அதில் அடக்கம். பேக்கர் துவக்கைத் தெரிவு செய்தபோது எடை ஒரு கேள்வியாக வராததற்கு அவருடைய தோள்பலம் மட்டும் காரணம் இல்லை. பாரம் சுமக்கும் கூலி மலிவாகக் கிடைத்த நாட்டில் அவர் இருந்தார்.

பேக்கருக்கு முந்திய பேர் மேஜர் ரோஜர்ஸ். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர், 1,400க்கு மேல் யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். கல்லறை நுவரெலியாவில், கோல்ஃப் மைதானத்துப் பக்கம். யானைகளின் சாபம்தான், கல்லறையையும் மின்னல் விடவில்லை என்று சுற்றுலாக் கையேடுகள் ரசித்துச் சொல்கின்றன. அவை சொல்ல மறப்பது ஒன்று உண்டு: யானையைக் கொல்ல அரசாங்கமே தலைக்கு இத்தனை சிலிங் என்று பணம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருசத்துக்குள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பரிசு கொடுக்கப்பட்டதாகக் காலனிச் செயலாளர் எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். சாபம் விட வேண்டிய விலாசம் பெரிசு.

இன்னொன்றும் கவனிக்க வேணும். நுவரெலியாவில் மரை வேட்டைக்கு (வெள்ளைக்காரர் அதை ‘எல்க்’ என்று பிழையாகக் கூப்பிட்டார்கள்) பேக்கர் பெரும்பாலும் துவக்கே எடுத்துப் போகவில்லை. நாய்களை ஏவி, மரையை ஓடைக்குள் மடக்கி, கத்தியால் குத்தினார். மலைக்காட்டில் இருபது அடிக்கு அப்பால் இலைதான் தெரியும். சமவெளியில் புல்வெளி விரிந்து கிடக்கும், ஆனா மூடுபனி வந்தால் பக்கத்தில் நிற்கிற ஆளும் காணாமல் போவார். தூரத்தில் நின்று குறி வைக்கும் வேட்டை இந்த மண்ணில் பிறந்த பழக்கமில்லை.

அந்தத் துவக்கு இங்கே வேறு வழியாக வந்தது. 1880களில் பிரான்சில் புகையில்லா வெடிமருந்து கண்டுபிடிக்கப்பட்டது. சின்ன ரவை, பெரிய வேகம். குழல் மெலிந்தது, துவக்கு நாலு கிலோவுக்கு இறங்கியது. கூடவே போல்ட் அக்‌ஷன். கதவுத் தாழ்ப்பாளை நினைச்சுக்கோங்க. கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் வெற்று ரவைக்கோது வெளியே பாயும், முன்னால் தள்ளி இறக்கினால் அடுத்த ரவை ஏறும். இரண்டாவது துவக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒரு ஆள் நிற்கத் தேவையில்லை. துவக்குக்காரரின் வேலையை ஒரு இரும்புத் துண்டு எடுத்துக்கொண்டது.

அதன் பலத்தை உலகம் தென்னாபிரிக்காவில் பார்த்தது. சிறு வயதிலிருந்தே வேட்டையாடிப் பழகிய போவர் விவசாயிகள், ஜெர்மன் மவுசர் துவக்குகளால் கண்ணுக்கெட்டாத தூரத்திலிருந்து பிரித்தானியச் சிப்பாய்களை விழுத்தினார்கள். 1900இல் பிடிபட்ட போவர் கைதிகளைப் பிரித்தானியர் எங்கே கொண்டுவந்து அடைத்தார்கள் தெரியுமா? எங்கள் தியத்தலாவையில். சுமார் 5,000 பேர். அதே வருசம் மலைநாட்டுத் துரைமார் தங்களுக்கென்று ‘சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்’ என்ற தொண்டர்படையைத் தொடங்கினார்கள். காலையில் பிரட்டுக்களத்தில் கணக்குக் கேட்ட துரை, லீவு நாளில் துவக்கோடு பயிற்சிக்குப் போனார். அந்தத் துவக்கின் மறுபக்கத்தில் யாரை நினைத்தார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

கைதிகளில் ஒருவரான ஏங்கல்பிரெக்ட் போர் முடிந்தும் பிரித்தானிய ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து, ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கினார். பிறகு யாலவில் வனவிலங்குக் காவலராக நியமிக்கப்பட்டார். யால பூங்காவின் முதல் காவலர் தியத்தலாவைக் கைதி. இதைப் பாடப் புத்தகத்தில் போட்டால் என்ன குறைஞ்சிடும்?

எடை குறைந்த துவக்கு எப்படிப்பட்ட வேட்டைக்காரரை உருவாக்கியது என்று பார்க்க ஜிம் கோர்பெட்டிடம் போகலாம். 1907இல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி, மவுசர் வகை போல்ட் அக்‌ஷன். குமாவுன் மலைகளில் நாள்கணக்காகத் தானே தூக்கி நடந்தார். 1930இல் சௌகர் புலியைத் திடீரென்று நேருக்கு நேர் சந்தித்தபோது அவருடைய இடது கையில் பறவை முட்டைகள் இருந்தன. வலது கையால் மட்டும் துவக்கை மெல்ல மெல்லச் சுழற்றிச் சுட்டார். பேக்கரின் 21 இறாத்தலை அப்படிச் சுழற்றியிருக்க முடியுமா?

இங்கேதான் கை விசயம் வருகிறது. எங்கள் குழுவிலும் இடக்கைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகவே இந்தப் பந்தி. கோர்பெட்டுக்கு வலது கை ஓய்வாக இருந்தது அதிர்ஷ்டம். போல்ட் துவக்கின் கைப்பிடி வலப்பக்கம். இடது தோளில் வைத்துச் சுடுகிறவர், விசையிலிருக்கும் கையை எடுத்து, துவக்குக்கு மேலால் எட்டி, வலப்பக்கக் கைப்பிடியை இழுக்க வேணும். இல்லாட்டி துவக்கைத் தாங்கும் கையை விட வேணும். கண் குறியை விட்டு விலகும், வெற்றுக்கோது முகத்துக்கு முன்னால் பறக்கும். இராணுவங்கள் துவக்கை மாற்றவில்லை, ஆளை மாற்றின. இடக்கைக்காரரையும் வலது தோளில் வைத்துச் சுடப் பழக்கினார்கள், எங்களைச் சோற்றுக் கையால் எழுதப் பழக்கின மாதிரி. தொழிற்சாலையில் பெருமளவில் செய்த இடக்கைப் போல்ட் துவக்கு அமெரிக்காவின் சாவேஜ் 110 வடிவில் சந்தைக்கு வந்தது 1959இல்தான். (கொழுந்துக்கு இந்த வித்தியாசம் இல்லை. இரண்டு கையாலும் பறிக்க வேணும்.)

இப்ப, எங்கள் ஆட்களின் கையில் என்ன இருந்தது? தெரிவு செய்ய எதுவும் இல்லை. 1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேணும். லயத்தில் இருந்த தொழிலாளிக்கு அது எட்டாத காரியம். தோட்டத்து மக்களின் வரலாற்றில் துவக்கு வருகிற இடங்கள் வேறு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டம், பொலிஸ் சூட்டில் செத்த கோவிந்தன். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிக்கப்படுவதை எதிர்த்து நின்று, சூட்டில் செத்த சிவனு லெட்சுமணன். எடை, தூரம், கை என்ற மூன்று கேள்வியும் துவக்கைப் பிடித்திருப்பவருக்கு உரியவை.

மரக்கறித் தோட்டத்தை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு இன்றும் வைக்கப்படுவது கம்பிச் சுருக்கு. அதற்கு எடை இல்லை, குறி இல்லை, யாரைப் பிடிக்கிறோம் என்ற கணக்கும் இல்லை. 2020 மே மாதம் மஸ்கெலியா நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படி மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்தது. செய்தி வந்தபோது நாடே தோட்டக்காரரைத் திட்டியது. 1894இல் வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கிய துரைமாரும் அப்படித்தான் திட்டினார்கள்: தங்களுடையது விளையாட்டு, கிராமத்தானுடையது திருட்டு வேட்டை. சுருக்கு கொடூரமானது, அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனா இரவில் பன்றி வந்து கிழங்கைக் கிளறிப்போட்ட மறுநாள் அந்தக் குடும்பம் யாரிடம் முறையிட வேணும் என்று திட்டினவங்களும் சொல்லவில்லை.

மரைகளுக்கு என்ன ஆனது? 1860களில் இலங்கை மரைகளும் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்குக் கப்பலேறின. 1875இல் நியூசிலாந்தின் மனவட்டுவுக்கும் போயின. இரண்டு இடத்திலும் பெருகிவிட்டன. விக்டோரியாவில் மரை வேட்டைக்கென்றே விதி இருக்கிறது: துவக்கு .270க்குக் குறையக் கூடாது, ரவை 130 கிறேனுக்குக் குறையக் கூடாது. இந்த வேட்டைக்காரர்கள்தான் எடை குறைந்த துவக்கைத் தேடுகிறார்கள், ஏனென்றால் மலையில் ஏற்றுவதும் சுட்டால் இறைச்சியைச் சுமந்து இறங்குவதும் அவர்களேதான். சரிவில் சுடும் கணக்கும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேணும். 30 பாகை சரிவில் 300 மீட்டர் என்றால், ரவை 260 மீட்டருக்குரிய அளவுதான் விழும். தெரியாதவர் மிருகத்தின் முதுகுக்கு மேலால் சுடுவார், அல்லது காயப்படுத்தி அலைய விடுவார்.

இங்கே மரையைச் சுடுவது குற்றம். ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. வேட்டைக்காரர் தோமஸ் ஃபாரின் பெயரைத் தாங்கிய ஃபார் இன் விடுதி இப்போது பார்வையாளர் நிலையம். அதற்கு முன்னால், வாகனங்கள் நிற்கிற இடத்தில், விடியற்காலையில் மரைகள் வந்து நிற்கின்றன. பாண் துண்டு கொடுக்கக் கூடாது என்று சொல்லியும் ஆட்கள் நீட்டுகிறார்கள். தூரம் ஒரு கை நீளம்.