ஏரிக்கரைக்கு ஏற்ற உடை

கோடையில் ஏரிக்கரையொன்றில் இரண்டு நாள் தங்கித் தூண்டில் போட்டு வரப் புறப்படுகிறவர் எத்தகைய உடை உடுத்திச் செல்ல வேண்டும்? மேல்நாட்டு வழிகாட்டி நூல்கள் இதற்குப் பெரும்பாலும் ஒரே விடையைத் தருகின்றன. உடலை ஒட்டினாற்போல் வியர்வையை வெளியேற்றும் மெல்லாடை ஒன்று. அதன்மேல் சூட்டைக் காக்கும் கம்பளியாடை ஒன்று. அனைத்தின்மேலும் காற்றையும் மழையையும் தடுக்கும் அங்கி ஒன்று. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் களைய வேண்டும். குளிர் இறங்க இறங்க ஒவ்வொன்றாக அணிய வேண்டும். இதனை அடுக்குடை முறை எனலாம்.

அந்நாட்டு ஏரிகளுக்கு இம்முறை முற்றும் பொருந்தும். அங்கே நண்பகல் வெயில் இதமாக இருந்தாலும் விடியற்காலையில் நீரின்மேல் பனிமூட்டம் படர்ந்திருக்கும். நனைந்த பருத்தியாடை உடற்சூட்டை உறிஞ்சி நடுக்கத்தைத் தரும். ஆதலால் அந்நூல்கள் பருத்தியை விலக்கிக் கம்பளியைப் போற்றுகின்றன. நம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் கூட இந்த அறிவுரை செல்லும். சென்னைக்கு அது செல்லுமா? இவ்வினாவுக்குப் பின்னே ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு, இன்று நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஏரியின் கரையில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

தையற்காரர் இல்லாத நாடு

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அரபு வணிகர்கள் 'மஅபர்' என்றழைத்த இந்நாட்டைப் பற்றி எழுதும்போது, இங்கே அங்கி வெட்டித் தைக்கும் தையற்காரரே இல்லை என்று வியப்போடு குறிப்பிடுகிறார். மன்னரும் குடிமக்களைப் போலவே இடையில் ஓராடை மட்டும் உடுத்தியிருந்தார். அவரை வேறுபடுத்திக் காட்டியவை அணிமணிகளே என்பது அவர் தரும் செய்தி. மயிலாப்பூரோடு தொடர்புடைய புனித தோமையார் கல்லறையைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார்.

தைக்காத ஆடையே போதும் என்றிருந்த இந்நாடுதான் உலகுக்குத் துணி கொடுத்தது என்பது கவனிக்கத்தக்கது. பழவேற்காட்டுத் துறையிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட கைலியை மலாய் மக்கள் இன்றளவும் 'காயின் பெலிக்காட்' என்றே வழங்குகிறார்கள். பழவேற்காடு என்ற ஊர்ப்பெயரின் திரிபே அது. சென்னையின் நடுவே கூவம் ஆற்றின் வளைவில் 1730களில் நெசவாளரைக் குடியமர்த்தியபோது பிறந்ததே சிந்தாதிரிப்பேட்டை. 'சின்னத் தறிப்பேட்டை' என்பதே அப்பெயரின் மூலம் என்பர்.

தொடக்க காலத்து ஆங்கிலேயர் இந்நாட்டு வெயிலிடம் பாடம் கேட்கத் தயங்கவில்லை. வீட்டிலிருக்கும் வேளையில் தளர்ந்த மெல்லிய சட்டையும் கால்சராயும் அணிந்தார்கள். 'பைஜாமா', 'கமர்பந்து' என்னும் பாரசீகச் சொற்கள் ஆங்கில அகராதியில் ஏறியது இவ்வழியேதான். ஆயின் வணிகராக வந்தவர் ஆள்வோராக மாறியபின் நிலைமை மாறிற்று. கும்பினி ஊழியர் பொதுநிகழ்ச்சிகளில் இந்திய உடை அணிதலாகாது என்று 1830இல் தடை பிறந்தது. இனி உடையைத் தீர்மானிப்பது வெயிலன்று, அதிகாரம் என்பதே அதன் பொருள்.

வயிற்றைச் சுற்றிய கம்பளி

அதிகாரத்திற்கு அக்கால மருத்துவமும் துணை நின்றது. வயிற்றில் குளிர் தாக்கினால் வாந்திபேதி வரும் என்று நம்பி, படைவீரர்கள் இடுப்பைச் சுற்றிக் கம்பளிக் கச்சை அணிந்தார்கள். 'காலரா பெல்ட்' என்பது அதன் பெயர். 1884இல் கல்கத்தாவில் ஆராய்ந்த ராபர்ட் கோக் அந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்று உறுதி செய்த பின்னரும் கச்சை அவிழவில்லை. முதுகெலும்பை வெயில் சுடாதிருக்க முதுகில் பஞ்சுத் திண்டு வைத்துக் கட்டியவர்களும் உண்டு. தலையிலோ, நீர்நிலைகளில் விளையும் நெட்டிச் செடியின் தண்டினால் செய்த 'சோலாத் தொப்பி'. இத்தனை அடுக்குகளில் அறிவுக்குப் பொருந்தியது அந்தத் தொப்பி ஒன்றே எனலாம். அதன் மூலப்பொருளை அளித்தது இந்நாட்டு நீர்நிலையே.

1870 முதல் சென்னை மாகாண அரசு கோடை தோறும் உதகைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஜான் சல்லிவன் 1820களில் அமைத்த ஏரியின் கரையில் கம்பளி அடுக்குகளுக்கு நியாயமான வேலை இருந்தது. சென்னையிலேயே தங்கிவிட்டவர்களின் உடல்மேலும் அதே அடுக்குகள் கிடந்ததுதான் விந்தை.

மறைந்த ஏரி

அக்காலச் சென்னைக்கும் ஓர் ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை, இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே, ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்திற்கு அது நீண்டு கிடந்தது. அதன் தென்பகுதிக்கு மயிலாப்பூர் ஏரி என்று பெயர். வடபகுதி நுங்கம்பாக்கம் ஏரி. இரண்டையும் சேர்த்து ஆங்கிலேயர் 'லாங் டாங்க்' என்றனர். நீர் நிறைந்த காலத்தில் வெள்ளையர் அங்கே படகுப் பந்தயம் நடத்தினார்கள்.

ஏரிகளில் தூண்டில் போடுவதைத் தனிக்கலையாக வளர்த்தவரும் சென்னை மாகாண அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவரே. ஆறுகளில் மீன்பிடிப்பது பற்றி 1873இல் ஒரு நூல் எழுதிய அவர், 1887இல் இந்திய ஏரிகளில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொரு நூலை வெளியிட்டார்.

ஆனால் தமிழகத்து ஏரிகளில் மீன்பிடிப்பு என்பது பொழுதுபோக்காகத் தொடங்கியதன்று. கோடையில் நீர் வற்றி முழங்காலளவு வந்ததும் ஊர் மக்கள் ஏரியில் இறங்குவர். வீச்சுவலை, தூண்டில், மூங்கிலால் பின்னிய ஊத்தா ஆகியவை அவர்களுடைய கருவிகள். கெண்டையும் கெளுத்தியும் முதலில் அகப்படும். காற்றை நேராகச் சுவாசிக்க வல்ல விரால் சேற்றில் பதுங்கிக் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். இவ்வாறு இறங்குகிறவரின் உடை என்ன? இடையில் ஒரு துணி. தலையில் நனைத்துக் கட்டிய ஒரு துண்டு. வேறொன்றும் இல்லை.

குளிர்நாட்டு நூல்கள் எதனைக் குற்றமென்று விலக்கினவோ அதுவே இங்கே குணமாகிறது. நனைந்த பருத்தி உடற்சூட்டை உறிஞ்சும்; உண்மை. சென்னையின் கத்தரி வெயிலில் நமக்கு வேண்டியதும் அதுவே அன்றோ! ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. கடலோர நகரமாகிய சென்னையின் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. அந்நிலையில் உடலுக்கும் காற்றுக்கும் நடுவே இறுகிய அடுக்குகளை வைப்பது, எரியும் அடுப்பின்மேல் மூடியை அழுத்துவது போன்றது.

அப்படியாயின் பாலைவனத்து அரபியர் தலை முதல் கால் வரை மூடியிருப்பது எவ்வாறு என்று கேட்கலாம். 1980இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை கூறிற்று. பதவீக்களின் கறுப்பு அங்கி வெள்ளை அங்கியைவிட அதிகச் சூட்டை ஏற்றாலும், அந்த மிகைச்சூடு தோலைச் சேருமுன்னே வெளியேறிவிடுகிறது. தளர்ந்த ஆடைக்குள் காற்று உலவுவதே காரணம் என்று அறிஞர்கள் கண்டனர். அங்கே வறண்ட காற்று, இங்கே ஈரக்காற்று. உடை வேறு, உண்மை ஒன்றே. ஆடைக்குள் காற்று நடமாட வேண்டும்.

அடுக்கைத் திணித்தலும் மறுத்தலும்

ஆயினும் எத்தனை அடுக்கு உடுத்துவது என்பதை வெயிலிடம் மட்டும் விட்டுவைக்க மனிதர்கள் உடன்படவில்லை. தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளின்மேல் ஒரு சீலை அணியும் உரிமைக்காக 1820கள் முதல் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் அரசாணை ஓரளவு வழிவிட்டது. மேலாடை ஒன்றை ஒருவருக்கு மறுத்தனர். கோட்டும் கழுத்துப்பட்டியும் வேறொருவர்மேல் திணித்தனர். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் அரையாடையை மேற்கொண்டார். அதே காலத்தில், அரசியலில் அவருக்கு எதிர்முகாமில் நின்ற நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியார் சென்னை மாநகராட்சியின் தலைவராக வீற்றிருந்தார். நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த அவர் எப்போதும் வெண்ணிற உடையே அணிந்தமையால் 'வெள்ளுடை வேந்தர்' எனப்பட்டார். ஆங்கிலேய ஆட்சியாளர் முன்னிலையிலும் அவர் அவ்வுடையை மாற்றிக்கொள்ளவில்லை என்பது சென்னையில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. கொள்கையில் வேறுபட்ட இருவரும், உடை தம் உரிமை என்பதில் ஒன்றுபட்டனர்.

செட்டியார் 1925இல் மறைந்தார். 1920களில் நகரம் விரிவடைந்தபோது, மயிலாப்பூர் ஏரியைத் தூர்த்து எழுந்த புதிய குடியிருப்புக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். அதுவே தியாகராய நகர். ஏரியின் சுவடு தெருப்பெயர்களில் மட்டும் எஞ்சியது: மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை, நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்டு சாலை. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் அந்த ஏரிப்படுகையின்மேல் நிற்பதே.

ஏரி இருந்த இடத்தில் இன்று துணிக்கடல் இருக்கிறது. ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் வாங்க முடியாத உடை இல்லை, கம்பளிக்கும் குறைவில்லை. வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கே 2014 ஜூலையில் சென்னை மன்றம் ஒன்றில் நுழைவு மறுக்கப்பட்டது. அதற்கடுத்த மாதமே, பொது இடங்களில் வேட்டிக்குத் தடை விதிக்கலாகாது என்று தமிழக சட்டமன்றம் சட்டம் இயற்றிற்று. 1830இல் தொடங்கிய கதை 184 ஆண்டுகள் நீண்டது என்றால் நம் வியப்புக்கு அளவேது!

எதனை உடுத்துவோம்?

நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம். தூண்டில் போட இன்னும் நீர்நிலைகள் உண்டு. பழவேற்காட்டு ஏரி இருக்கிறது. நகரின் நடுவே சேத்துப்பட்டு ஏரியில் மீன்வளத்துறை அமைத்த பூங்காவில் தூண்டில் போடவும் இடம் வகுக்கப்பட்டது. செல்கிறவர் தளர்ந்த பருத்திச் சட்டையும் கைலியோ வேட்டியோ உடுத்திச் செல்லட்டும். தலைக்கு ஒரு மறைப்பு தேவை. அடுக்கு வேண்டுமாயின் ஒரு துண்டு போதும். அது தோளில் கிடந்தால் மேலாடை, நனைத்துத் தலையில் கட்டினால் குளிர்ச்சி, பிழிந்து உதறினால் துவாலை, விரித்தால் இருக்கை. களைவதும் அணிவதும் நொடிப்பொழுதில் முடியும். அடுக்குடை முறையின் நோக்கமும் அதுதானே? உதகைக்குச் செல்கிறவர் மட்டும் கம்பளியை மறவாதிருக்கட்டும்.

2003 மே 31 அன்று நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 2015 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தபோது மாம்பலத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றது. வெயிலைத் தணித்து வெள்ளத்தை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு நீர்நிலை இருந்தது. அதனை நாம் தூர்த்தோம். உடையை மாற்றிக் கோடையைச் சமாளிக்கும் அறிவு நம் முன்னோரிடம் இருந்தது. அதை மீட்டுக்கொள்வது எளிது. ஏரியை மீட்பது அத்துணை எளிதன்று. எஞ்சியுள்ள ஏரிகளையேனும் காப்பாற்றினால்தான், எதனை உடுத்தி மீன்பிடிக்கச் செல்வது என்ற வினா நம் பேரப்பிள்ளைகளுக்கும் இருக்கும்.